பழைய மோட்டார் வண்டியின் ஹீட்டர்ப் பலகையைச் செப்பனிடல்

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வார்க்கு மோட்டார் வண்டியில் வெப்பமூட்டும் கருவி எதற்கு என்னும் வினா இயல்பாகவே எழும். சித்திரை வெயிலில் தேனி நகரத் தெருவில் நிறுத்திய வண்டியின் கதவைத் திறப்போர், உள்ளிருந்து எழும் அனலுக்கு ஓரடி பின்வாங்கியே ஏறுவர். அத்தகைய நாட்டில் ஹீட்டர் என்பது விலைகொடுத்து வாங்கிய வீண்சுமை எனக் கருதப்படுவது வியப்பன்று. ஆதலின், நம் பக்கத்துப் பழைய வண்டிகளுள் ஹீட்டர் அமைந்தவை சிலவே. அச்சிலவற்றிலும் லீவர்கள் துருவேறி உறைந்தும், குமிழ்கள் உடைந்தும், பலகையின் எழுத்துக்கள் அழிந்தும் கேட்பாரற்றுக் கிடத்தலைக் காணலாம்.

எனினும் இப்பள்ளத்தாக்கு வெயில் நிலம் மட்டுமன்று. மலைக்கு வாயிலும் இதுவே. போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாற்றுக்கும், கம்பமும் கூடலூரும் கடந்து குமுளிக்கும், சின்னமனூரிலிருந்து மேகமலைக்கும் பாதைகள் ஏறுகின்றன. கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 1,000 அடி உயரத்திலுள்ள தேனியில் வியர்வையோடு புறப்பட்டவர், 4,000 அடிக்கு மேற்பட்ட போடிமெட்டில் அன்று முற்பகலிலேயே மேகத்தினூடே செல்லுதல் கூடும். கொண்டை ஊசி வளைவு ஒன்றில், ஏலத்தோட்டத் தொழிலாளரை ஏற்றிய ஜீப் எதிரே வரும் வேளையில், முன்கண்ணாடியின் உட்புறம் வெண்படலமாக மூடிக்கொள்ளுமாயின், ஓட்டுவோர்க்கு அப்பொழுது வேண்டுவது குளிர்காய்தல் அன்று, பார்வை. அப்பார்வையை மீட்டுத் தருவது ஹீட்டர். அதனை ஆள்வது, முகப்புப் பலகையில் ஒரு சாண் இடத்தில் அடங்கும் இரண்டு மூன்று லீவர்கள்.

தேய்ந்துபோன அப்பலகையைச் செப்பனிடும் முறையை இக்கட்டுரை ஆராயப் புகுகின்றது. இதன்கண் வற்புறுத்தக் கருதியது ஒன்றே. தேய்ந்ததைப் புதுப்பிக்குமுன், அது யாதாக இருந்தது, யாது செய்தது என்பவற்றை ஐயமற உணர்தல் வேண்டும். ஊகத்தால் எழுதிய அழகிய எழுத்து, அழிந்துபோன எழுத்தினும் பெருந்தீங்கு பயக்கும்.

கருவியின் வரலாறும் அமைப்பும்

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதற்குக் கூரையும் கண்ணாடியுமே அரியனவாக இருந்தன. நாற்புறமும் மூடிய வண்டிகள் பெருகிய பின்னரே உள்ளே வெப்பமூட்டும் முயற்சிகளும் பெருகின. 1938-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நாஷ் கம்பெனியார், வெளிக்காற்றை உள்ளிழுத்து வடிகட்டி, எஞ்சினின் வெந்நீரால் சூடாக்கி வண்டிக்குள் பரப்பும் முறையைத் தம் வண்டிகளில் அமைத்தனர். குளிர்நாடாகிய இங்கிலாந்தில்கூட 1950-களில் சிறிய வண்டிகள் பலவற்றிற்கு ஹீட்டர் தனிவிலைக்கே கிடைத்தது. 1959-இல் வெளிவந்த மினி வண்டியின் குறைந்தவிலை வகைக்கும் அது தனிப்பொருளே. அங்ஙனமாயின், வெப்ப நாடாகிய இந்தியாவில் அதனைப் பலர் விரும்பாமைக்குக் காரணம் கூறவேண்டுவதில்லை.

நம் நாட்டுப் பழைய வண்டிகளுள் பெயர்பெற்றவை பெரும்பாலும் அயல்நாட்டு வண்டிகளின் வழிவந்தவை. வங்காளத்து உத்தரபாராவில் 2014 வரை இயற்றப்பெற்ற அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியின் வழித்தோன்றல். 1961 முதல் சென்னையில் இயற்றப்பெற்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டின் உடன்பிறப்பு. பம்பாயில் இயன்ற பிரிமியர் பத்மினி, இத்தாலி நாட்டுப் பியட் 1100 வண்டியின் வழியது. இவ்வுறவுமுறை அறிதல் செப்பனிடுவார்க்கு மிக வேண்டும். பாட்டன் வீட்டுப் பெட்டியில் பேரனுக்கு வேண்டிய பத்திரம் கிடைப்பதுபோல, இங்குக் கிடையாத உறுப்பும் படமும் மூலவண்டியின் ஏடுகளிற் கிடைத்தல் கூடும்.

இனி அமைப்பு. எஞ்சினைச் சுற்றி வந்து சூடேறிய நீரின் ஒரு பகுதி ரப்பர்க் குழாய் வழியாகப் பலகைக்குப் பின்னுள்ள ஒரு சிறு ரேடியேட்டரை அடையும். விசிறி அதனூடே காற்றைச் செலுத்தும். பலகையிலுள்ள ஒரு லீவர், நீர் செல்லும் வால்வைத் திறக்கும், மூடும். மற்றொன்று, காற்றைக் கண்ணாடிப் பக்கமோ காற்பக்கமோ திருப்பும் மடலை அசைக்கும். விசிறிக்கு ஒரு சுவிட்சு உண்டு. சில வண்டிகளில், வெளிக்காற்றை உட்கொள்வதா, உள்ளிருக்கும் காற்றையே மீண்டும் சுழற்றுவதா என்று தெரிந்துகொள்ள வேறொரு லீவரும் உண்டு. இவ்வைத்து இணைக்கும் நரம்பு, உறைக்குள் ஓடும் கம்பியாகிய பௌடன் கேபிள். எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பார் 1896-இல் இதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். மிதிவண்டியின் பிரேக்கு வயரும் இவ்வினத்ததே.

கண்ணாடி ஏன் மங்குகிறது?

காற்று எப்பொழுதும் சிறிது நீராவியைத் தாங்கியிருக்கும். வெப்பம் மிகுந்தால் அது தாங்கும் அளவும் மிகும், குளிர்ந்தால் குறையும். மலைமேல் வண்டியின் கண்ணாடி குளிர்ந்திருக்க, உள்ளே நால்வர் விடும் மூச்சும், மழையில் நனைந்த ஆடையும் சேர்ந்து காற்றை ஈரமாக்குகின்றன. அவ்வீரக்காற்று கண்ணாடியைத் தொட்டவுடன், தாங்கமாட்டாத நீரைச் சிறு துளிகளாக அதன்மேல் விட்டுவிடும். வைப்பர் வெளிப்புறத்தைத் துடைக்குமேயன்றி இதனைத் துடைக்காது. துணியால் துடைப்பின், துடைத்த கை எடுக்குமுன் மீண்டும் படரும்.

வெளியே பனிமூட்டமாயிருக்க, அக்காற்றை உள்ளிழுத்தல் எவ்வாறு ஈரத்தைப் போக்கும் என ஐயுறலாம். 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் நீராவி முற்றும் நிறைந்த காற்றை 30 டிகிரிக்குச் சூடாக்குவோமாயின், அதிலிருந்து ஒரு துளி நீரையும் அகற்றாமலே, அதன் ஈரப்பதம் நூற்றுக்கு 100 என்பதிலிருந்து நூற்றுக்கு 40 என்னும் அளவிற்கு இறங்கிவிடும். அஃதாவது, பனிக்காற்றே சூடேறியவுடன் உலர்காற்றாகி, கண்ணாடியின் ஈரத்தை உண்ணும் ஆற்றல் பெறும். கண்ணாடியும் வெம்மையுறுவதால் புதிய துளிகள் படிவதும் நிற்கும். இங்ஙனம் ஒரே கருவி இருவகையால் உதவுகின்றது.

இனி, எழுத்து அழிந்த லீவரின் தீங்கை ஓர்க. வெளிக்காற்றைக் கொள்ளும் நிலை எது, உட்காற்றைச் சுழற்றும் நிலை எது என்று அறியாது ஓட்டுவோர் மாற்றி வைத்தால், நால்வரின் மூச்சே மீண்டும் மீண்டும் கண்ணாடிமேல் வீசப்படும், படலம் தடிக்கும். வளைவில் அவர் பெற்றிருக்கும் காலம் சில நொடிகளே. அக்காலத்தில் பலகையைத் தடவி ஆராய்ச்சி செய்ய இயலாது. ஆகவே பலகையின் எழுத்து அணிகலம் அன்று, வழிகாட்டி.

வெயிற்காலத்திற்கும் இக்கருவி ஒருவகையில் உதவும். பழைய வண்டி மலையேறும்போது எஞ்சின் அளவுகடந்து சூடேறுமாயின், ஹீட்டரின் வால்வை முற்றத் திறந்து விசிறியையும் ஓடவிட்டால், அச்சிறு ரேடியேட்டர் எஞ்சினின் வெப்பத்திற் சிறிது பகுதியை ஏற்று வெளியேற்றும். உள்ளிருப்போர் சற்றுப் புழுங்குவர்; எஞ்சின் பிழைக்கும். ஆதலின் சமவெளியில் வாழும் வண்டிக்கும் இது முற்றும் வீணன்று.

முதற்பணி: ஆராய்தல்

பட்டறையில் வேலையைத் தொடங்குவோர் முதலில் திருப்புளியை எடாது, கண்ணையும் குறிப்பேட்டையும் எடுத்தல் வேண்டும். பலகையைப் பல கோணங்களிற் படம்பிடித்து, லீவர் ஒவ்வொன்றின் எல்லையையும் குறித்துக்கொள்க. பாட்டரியின் இணைப்பை நீக்கிய பின்னரே பின்புறத்தைத் தொடுக. கேபிள்களைக் கழற்றுமுன் ஒவ்வொன்றிற்கும் ஒரு சீட்டுக் கட்டுக. கழற்றிய பின்னர் எல்லாக் கம்பிகளும் ஒரே முகத்தினவாகத் தோன்றும்.

அடுத்து, லீவரிலிருந்து கேபிளைப் பின்தொடர்ந்து, அது வால்வை அடைகிறதா மடலை அடைகிறதா என்று காண்க. எழுத்து முற்றும் அழிந்த பலகையிலும் இம்முறையால் லீவரின் தொழிலை உறுதியாக அறியலாம். தொழில் பொருளைத் தரும். எழுத்தின் சொல்லையும் வடிவையும் தாராது. அவற்றிற்கு வேறு சான்று வேண்டும். ஒரு விளக்கைப் பலகையின் ஓரத்தில் தாழ்த்திப் பிடித்து, ஒளி சாய்ந்து விழச் செய்து நோக்கின், அழிந்த எழுத்தின் இடம் சுற்றிடத்தினின்று சிறிது மாறிய மினுக்கத்தோடு தோன்றுதல் உண்டு. நெடுங்காலம் மை மூடியிருந்த இடம் மற்ற இடத்தைப்போல் தேயாமையே காரணம். நிறக்கோடுகளிலும் எச்சரிக்கை வேண்டும். வெப்பத்தைக் குறிக்கும் செந்நிறம் வெயிலில் விரைந்து வெளிறக்கூடும். நீலம் எஞ்சி நிற்கும். எஞ்சியதை மட்டும் கண்டு, மற்றை முனையில் நிறமே இல்லை என முடிவு செய்தலாகாது.

குமிழும் லீவரும்

குமிழைக் கழற்றுதலே பலர் பிழைபடும் இடம். சில குமிழ்கள் இழுத்தால் வரும். சிலவற்றில் அடிப்புறம் ஒரு சிறு திருகாணி ஒளிந்திருக்கும். வேறு சிலவற்றில் ஊசித்துளை ஒன்றிருக்கும். அதனுள் மெல்லிய கம்பியால் அழுத்தினால் உள்ளிருக்கும் வில்முளை தாழ்ந்து குமிழ் விடுபடும். எவ்வகை என்று தெளியாமல் திருப்புளியால் நெம்புவார், ஐம்பது ஆண்டுக் காலம் வெயில் தின்ற பிளாஸ்டிக்கை ஒரு நொடியில் உடைப்பர். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சிறிதுநேரம் சுற்றிவைத்துப் பின்னர் முயலுதல் நலம்.

லீவர்கள் இயங்கும் உலோகச் சட்டத்தில் பழைய கிரீஸ் மெழுகுபோல் இறுகியிருக்கும். அதனை மண்ணெண்ணெயாற் கழுவலாம். ஆனால் பிளாஸ்டிக் உறுப்புக்களை முன்னரே பிரித்துவிடுதல் வேண்டும். துருவை நுண்ணிய உப்புத்தாளாற் போக்கி, மிகச் சிறிதளவே புதுக் கிரீஸ் இடுக. லீவர் எளிதாக அசைதல் ஒன்றே நோக்கமன்று. சட்டத்தினுள் வளைந்த வாஷர் ஒன்று லீவரை அழுத்தி, வைத்த இடத்தில் நிற்கச் செய்யும். அதன்மேற் கிரீஸை வாரிப் பூசினால் லீவர் வழுக்கும். மலைப்பாதையின் அதிர்ச்சியில் தானே நழுவி, கண்ணாடிக்குச் சென்ற காற்றைக் காலுக்குத் திருப்பிவிடும். எனவே லீவர் கைக்கு இசைந்து, அதிர்ச்சிக்கு இசையாது நிற்றல் வேண்டும். அதுவே நன்கு செப்பனிட்டமைக்கு அடையாளம்.

கேபிள்

கேபிளைப் பற்றிய ஒரு நுட்பத்தை இங்கே கூறுதல் இன்றியமையாதது. மிதிவண்டிப் பிரேக்கின் வயர் பல மெல்லிழைகள் முறுக்கியது. அஃது இழுப்பதற்கே உரியது, தள்ளினால் வளைந்துவிடும். திரும்பத் தள்ளும் வேலையை அங்கே வில் செய்கின்றது. ஹீட்டரின் கேபிளோ, வழக்கமாக ஒற்றைக் கம்பியால் ஆயது. லீவர் ஒருபுறம் நகரும்போது இழுத்தும், மறுபுறம் நகரும்போது தள்ளியும் இருதொழில் செய்வது. இவ்வேறுபாடு அறியாது மிதிவண்டிக் கடையில் வாங்கிய வயரை இட்டால், வால்வு திறக்கும், மூடாது. விறைப்பான ஒற்றைக் கம்பியை அதே பருமனில் தேடியிடுதலே முறை. முனையை வளைக்கும்பொழுது சூடாக்கலாகாது. சூடேற்றிய கம்பி விறைப்பை இழக்கும்.

அறாமல் இறுகிய கேபிளாயின், அதனை நெட்டாகத் தொங்கவிட்டு, மேல்முனையில் சிறிது சிறிதாக மெல்லெண்ணெய் விட்டு ஓரிரவு வைத்தால், அழுக்குக் கரைந்து கீழ்முனையில் வடியும். திரும்பப் பூட்டும்போது கேபிள் செல்லும் வழியிற் குறுகிய வளைவு இல்லாதவாறு அமைக்க. உறையைப் பிடிக்கும் கவ்வியின் இடமே லீவரின் அளவைத் தீர்மானிக்கும். லீவர் எல்லையைத் தொடுதற்குச் சற்று முன்னரே மடல் முற்ற மூடிக்கொள்ளுமாறு நிறுத்துக. லீவர் எல்லையை அடைந்தும் மடல் மயிரிழை திறந்திருக்குமாயின், குளிர்காற்று கசிந்துகொண்டேயிருக்கும்.

நீர்வழியும் மின்வழியும்

பலகை அழகுற்ற பின்னும் வெப்பம் வாராதாயின், குற்றம் பலகையினது அன்று. சமவெளியில் நெடுங்காலம் வால்வு மூடியே கிடந்த ஹீட்டரினுள் நீர் தேங்கித் துருவும் சேறும் படிந்திருக்கும். இறுகிய வால்வை வலிந்து திருப்பினால் அது முறிந்து, வெந்நீர் கசியத் தொடங்கும். எனவே எஞ்சின் நன்கு ஆறிய பின் நீரை வடித்து, வால்வைக் கழற்றி, மேசைமேல் வைத்தே இளக்குக. சிறு ரேடியேட்டரையும் தனியே பிரித்து, மெல்லிய நீரோட்டத்தால் இருபுறமும் மாறி மாறிக் கழுவுதல் வேண்டும். கழுவாது திறந்துவிட்டால், பல்லாண்டுச் சேறு எஞ்சினின் நீர்வழிக்குள் புகும். வடித்த கூலண்ட் இனிக்கும் நஞ்சு. குழந்தையும் நாயும் அணுகாதவாறு அதனை அகற்றுக.

சில வண்டிகளில் ஹீட்டருக்குச் செல்லும் இரு குழாய்களையும் நேரே இணைத்து, கருவியை விலக்கியே வைத்திருப்பர். வேறு சிலவற்றில், எஞ்சின் சூடேறாதிருக்கட்டும் என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்திருப்பர். பின்னது பெரும்பிழை. தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் மலையின் குளிரில், சிறப்பாக இறக்கத்தில், உரிய வெப்பநிலையை அடையாது. அடையாதபோது, பலகையின் லீவரை எவ்வளவு தள்ளினும் வெதுவெதுப்பான காற்றே வரும். வெப்ப நாட்டுக்கு ஏற்றதெனச் செய்த மாற்றம், மலைநாட்டில் கேடாய் முடிதலை இங்குக் காண்கின்றோம்.

விசிறியின் சுவிட்சில் களிம்பேறிய தொடுமுனைகளைத் துடைத்தாலே பல சமயம் போதும். பியூஸ் அறுந்ததாயின் அதே அளவினதை இடுக. செம்புக் கம்பியைச் சுற்றிவிடுதல் பலகைக்குப் பின்னே தீயை வளர்ப்பதாகும்.

சோதனையின்போது, கண்ணாடியில் படரும் படலத்தின் இயல்பையும் கவனித்தல் வேண்டும். துணியால் துடைக்கப் போய்விடுவது மூச்சின் ஈரம். துடைக்கத் துடைக்கப் பிசுபிசுப்பாய்ப் பரவி, இனித்த மணம் வீசுவது, ஒழுகும் ஹீட்டரிலிருந்து வரும் கூலண்டின் ஆவி. முன்னதற்கு ஹீட்டர் மருந்து. பின்னதற்கு ஹீட்டரே நோய். எஞ்சினை மூடிய கொட்டகைக்குள் ஓடவிட்டுச் சோதித்தல் ஒருபொழுதும் ஆகாது; புகைக்குழாயின் நச்சுக்காற்று மணமும் நிறமுமின்றி உயிரைக் கவரும்.

எழுத்தைப் புதுக்குதல்

இனித் தமிழ் பயில்வார்க்கு உவப்பான பகுதிக்கு வருவோம். பலகை எழுத்துக்கள் பெரும்பாலும் மூவகைய: குழித்து எழுதி மையிட்டவை, மேலே அச்சிட்டவை, தெளிந்த பிளாஸ்டிக்கின் பின்புறத்தே அச்சிட்டு முன்புறம் தோன்றுமாறு அமைத்தவை.

குழித்த எழுத்தைப் புதுக்கும் முறை நம் முன்னோர்க்குப் புதிதன்று. எழுத்தாணியால் ஓலையிற் கீறிய எழுத்துக் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது. அதன்மேல் மையைத் தடவித் துடைத்தால், மேற்பரப்பின் மை நீங்கக் கீறலின் மை நிற்கும், எழுத்து விளங்கும். ஹீட்டர்ப் பலகைக்கும் அதுவே செயல். வெள்ளை எனாமலைக் குழிகளில் நிரப்பி, சிறிது இறுகியபின், தட்டையான அட்டைமேற் சுற்றிய துணியால், எழுத்துக்குக் குறுக்காக, மெல்லத் துடைக்க. அழுந்தத் துடைத்தால் துணி குழிக்குட் புகுந்து மையை வாரிக்கொள்ளும். துணியில் தின்னர் மிகுமாயின் பிளாஸ்டிக் வெடித்து மங்கும். கண்ணிற்படாத ஓரத்தில் முன்னர்ச் சோதித்தறிக.

மேலச்சு எழுத்து அழிந்ததாயின், அதே அளவும் உருவும் உடைய எழுத்தை வரைந்து, நீரில் நனைத்து ஒட்டும் மெல்லேட்டில் அச்சிட்டுப் பதிக்கலாம். கலியாணப் பத்திரிகைகளைத் திரை அச்சில் இயற்றுவோரிடம் கொடுத்தும் அச்சிடலாம். மேலே மெல்லிய வார்னிஷ் காப்பாகும். பின்புற அச்சாயின், எழுத்தை இடவலம் மாற்றி அச்சிடுதல் வேண்டும் என்பதை மறவற்க. இழந்த குமிழுக்கு, எஞ்சிய குமிழிலிருந்து சிலிக்கோன் ரப்பரில் அச்செடுத்து, நிறங்கலந்த பிசினை வார்த்துக்கொள்ளலாம்.

கைத்தொழில் இவ்வளவே. கடினமானது, யாது எழுதுவது என்னும் தீர்மானம். பழைய ஏடுகளிற் புள்ளியிட்டு எழுதும் வழக்கம் இன்மையால், குறில் எகரமும் நெடில் ஏகாரமும் ஒரே வடிவில் நின்று பொருள் மயக்கம் தந்ததையும், வீரமாமுனிவர் அவற்றை வேறுபடுத்தி எழுதும் முறையைத் தந்ததையும் நாம் பயின்றிருக்கின்றோம். ஒரு சிறு குறி இன்மையால் சொல் மாறும். பலகையிலும் அங்ஙனமே, ஓர் அம்புக்குறியின் முனை தேய்ந்தால் வெப்பம் குளிராகும்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளியிடுமுன், ஒரே பிரதியை நம்பியிராது பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். செப்பனிடுவார்க்கும் அதுவே நெறி. அதே பெயரும் அதே ஆண்டும் உடைய வேறு வண்டியைத் தேடிக் காண்க. உறுப்புப் பட்டியல் ஏட்டையும் பட்டறை ஏட்டையும் ஒப்பிடுக. ஒரே பெயருடைய வண்டியாயினும் ஆண்டு மாறப் பலகையும் மாறுதல் கூடும். ஆதலின் ஆண்டு வேறுபட்ட சான்றைப் பாடபேதமாகக் கொள்க, மூலமாகக் கொள்ளற்க. இத்தாலி நாட்டு வண்டியின் படத்தை நோக்குவோர் மற்றொன்றும் கருதுக. அந்நாட்டில் ஓட்டுநர் இடப்புறம் அமர்வர். நம் நாட்டில் வலப்புறம். ஆதலின் பலகையின் அமைப்பும் கேபிளின் நீளமும் மாறியிருத்தல் கூடும். இங்கிலாந்து வண்டிக்கு இவ்விடர் இல்லை.

சான்று கிடையாதபோது யாது செய்வது? வெற்றிடமாக விடுக. அழிந்த இடத்தைக் காண்போர் ஐயுறுவர், ஐயுற்றவர் ஆராய்வர். புத்தெழுத்தைக் காண்போர் நம்புவர். பிழையான நம்பிக்கையை அழகிய எழுத்தில் அச்சிட்டுத் தருதல் செப்பனிடுதல் ஆகாது.

மூலமும் உரையும்

இவ்விடத்து ஒரு தடை எழும். பலகையை உள்ளவாறே ஆங்கிலத்தில் எழுதிவைத்தால், ஆங்கிலம் அறியாத ஓட்டுநர்க்கு அஃது அழிந்ததற்கு ஒப்பாகாதோ? தமிழில் எழுதிவிட்டால் என்ன?

வினா நியாயமானது, விடையும் நம் இலக்கிய மரபிலேயே உண்டு. மூலம் விளங்காதபோது நம் முன்னோர் மூலத்தைத் திருத்தினாரல்லர், உரை வகுத்தனர். பலகை மூலம். அதனை உள்ளவாறே பேணுக. 2021-ஆம் ஆண்டில் மைய அரசினர் மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 ஆண்டு கடந்ததும், தொடக்க உருவிலேயே பேணப்பட்டதும், பெருமாற்றம் செய்யப்படாததுமான வண்டிக்குத் தனிப்பதிவு வகுத்தமையும் இக்கருத்திற்கு அரணாகும். உரையோ, ஒரு சிறு அட்டை. ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே வெயில் மறைப்பின் உட்புறத்தில் அதனை ஒட்டுக. பலகையின் படத்தை அதில் வரைந்து, எந்த லீவர் எந்நிலையில் நின்றால் காற்று கண்ணாடிக்குச் செல்லும், எந்நிலையில் வெந்நீர் திறக்கும், எந்நிலையில் வெளிக்காற்று வரும் என்பவற்றைப் பெரிய தமிழ் எழுத்தில் எழுதுக. மலையேறுமுன் ஒருமுறை நோக்கினாலே போதும். மூலமும் சிதையாது, உயிரும் காக்கப்படும்.

இங்ஙனம் எழுதுங்கால் வழக்கிலுள்ள சொல்லையே ஆளுதல் வேண்டும். முன்கண்ணாடியின் ஈரம் போக்கும் நிலைக்கு நுண்ணிய கலைச்சொல் ஒன்றைப் படைத்து எழுதுவதினும், 'கண்ணாடிக்கு' என்று எழுதுவதே ஓட்டுநர்க்கு உதவும். சொல்லின் அருமை நொடிப்பொழுதில் பொருள் தருவதில் உள்ளது.

முடிவாக ஒன்று. ஏடு எழுதுவித்தோர், எழுதிய ஆண்டையும் நாளையும் தம் பெயரையும் ஏட்டின் இறுதியிற் குறித்து வைத்தல் உண்டு. அதனாலன்றோ இன்று நாம் அவ்வேட்டின் காலத்தை அறிகின்றோம். செப்பனிட்டு முடித்தவரும் ஒரு சீட்டு எழுதுதல் வேண்டும். எவ்வுறுப்பு மூலம், எவ்வுறுப்புப் புதிது, எவ்வெழுத்து எச்சான்று கொண்டு எழுதப்பட்டது, எவ்விடம் சான்றின்மையால் வெற்றிடமாக விடப்பட்டது என்பவற்றையும் நாளையும் அதில் வரைந்து, கழற்றிய பழைய உறுப்புக்களோடு ஓர் உறையிலிட்டு வண்டியின் பத்திரங்களுடன் வைக்க. பட்டறைகளில் இன்று கைப்பழக்கமாக மட்டும் வாழும் அறிவு, எழுதப்படாதொழியின் அக்கைகளோடு மறையும். எழுதக் கற்ற மாணவர் விடுமுறையில் தம் ஊர்ப் பட்டறைக்குச் சென்று, கேட்டதைக் கேட்டவாறும் கண்டதைக் கண்டவாறும் குறித்து வருவாராயின், அதுவும் ஒருவகை ஏடு காத்தலே ஆகும்.